நிபுணர் சொல்வதைப் பொதுவிவாதத்தில் எடைபோடும் முறை

“இந்த நடவடிக்கையை உடனே எடுத்தாக வேண்டும் என்று நிபுணர்கள் கூறுகிறார்கள்” என்ற வாக்கியத்தை ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் செய்திகளில் படிக்கிறோம். படித்தவுடன் நம்மில் பலர் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகிறோம். நிபுணர் சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது என்கிறது ஓர் அணி. நிபுணர்கள் எத்தனையோ முறை தவறியிருக்கிறார்கள், ஆகவே நம் அறிவுக்கு எட்டியபடி நாமே முடிவு செய்துகொள்வோம் என்கிறது மற்றோர் அணி. இரண்டுமே அந்த வாக்கியத்தை முழுமையாகப் படிக்காமல் அதற்குத் தீர்ப்பு எழுதுகின்றன. அதற்குள் இரண்டு கூற்றுகள் முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன: ஒன்று உலகம் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியது, மற்றொன்று நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியது. முதலாவதில் நிபுணரின் சொல்லுக்கு நம் சொல்லைவிட எடை அதிகம். இரண்டாவதில் அவரும் நம்மைப் போல ஒரு வாக்குரிமை உடைய குடிமகன்தான். இந்த முடிச்சை அவிழ்க்கும் பழக்கத்தை எப்படி வளர்த்துக்கொள்வது என்பதையே இங்கே எழுத முயல்கிறேன்.

வாக்கியத்தைப் பிரித்தல்

ஒரு தாளின் நடுவே கோடு கிழித்துக்கொள்ளுங்கள். நிபுணர் கூறியவற்றில் அளந்தோ சோதித்தோ அறியக்கூடியவற்றை இடப்பக்கம் எழுதுங்கள். எது முக்கியம், எதற்காக எதை இழக்கலாம், சுமையை யார் தாங்குவது என்பன போன்றவற்றை வலப்பக்கம் எழுதுங்கள். தொற்றுநோய்க் காலத்தில் பள்ளிகளை மூடலாமா என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். மூடினால் தொற்று எவ்வளவு குறையக்கூடும் என்பதைத் தொற்றுநோயியல் அறிஞரால் மதிப்பிட முடியும். அந்தக் குறைவுக்காகக் குழந்தைகள் எத்தனை மாதப் படிப்பை இழக்கலாம் என்பதும், வீட்டில் இடமோ இணைய வசதியோ இல்லாத குழந்தை மற்றவர்களைவிட அதிகம் இழப்பது நியாயமா என்பதும் அவருடைய துறைக்குள் விடை கிடைக்காத கேள்விகள். எந்தப் பக்கம் எழுதுவது என்ற குழப்பம் வந்தால் ஒரு சோதனை உதவும். அத்துறை அறிஞர்கள் அனைவரும் எல்லா உண்மைகளிலும் உடன்பட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் நல்லெண்ணம் கொண்ட இருவர் வேறுபட முடியுமானால், அந்தப் பகுதி குடிமக்களுக்கும் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கும் உரியது.

இந்தக் கோட்டை அரசுகளே அடிக்கடி அழித்துவிடுகின்றன. 2009 அக்டோபரில் பிரிட்டன் அரசு, போதைப்பொருள் தவறான பயன்பாடு குறித்த தன் ஆலோசனைக் குழுவின் தலைவர் டேவிட் நட்டைப் பதவியிலிருந்து நீக்கியது. தடைசெய்யப்பட்ட சில பொருள்களைவிட மதுவும் புகையிலையும் அதிகத் தீங்கு விளைவிப்பவை என்று அவர் பொதுவெளியில் பேசியிருந்தார். அதைத் தொடர்ந்து குழு உறுப்பினர்கள் சிலரும் விலகினார்கள். எந்தப் பொருள் உடலுக்கும் சமூகத்துக்கும் எவ்வளவு தீங்கு செய்கிறது என்று வரிசைப்படுத்துவது அறிஞரின் வேலை. எதைத் தடை செய்வது என்பது நாடாளுமன்றத்தின் வேலை. “உங்கள் வரிசையை ஏற்கிறோம், ஆயினும் இன்னின்ன காரணங்களுக்காகத் தடையைத் தொடர்கிறோம்” என்று அமைச்சர் சொல்லியிருந்தால், அந்தக் காரணங்களை மக்கள் விவாதித்திருக்கலாம். அறிஞரை நீக்கியதால் காரணங்கள் மேசைக்கு வராமலே போயின. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தன் அரசியல் முடிவுக்குப் பொறுப்பேற்க விரும்பாத ஆட்சியாளர், “நாங்கள் அறிவியலைப் பின்பற்றுகிறோம்” என்று சொல்லி அறிஞரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார். அந்தச் சொற்றொடரைக் கேட்கும்போதெல்லாம் வலப்பக்கத்தில் எழுத வேண்டிய ஏதோ ஒன்று மறைக்கப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு அதைத் தேடுங்கள்.

பேசுபவர் தம் துறைக்குள் நின்று பேசுகிறாரா

பட்டங்களைப் பார்ப்பது எளிது. பட்டத்துக்கும் சொன்ன கூற்றுக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்ப்பதுதான் பயனுள்ளது. 1999இல் இங்கிலாந்தில் தன் இரண்டு கைக்குழந்தைகளைக் கொன்றதாக ஒரு தாய் தண்டிக்கப்பட்ட வழக்கில், புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் ஒருவர், அவர்களுடையது போன்ற வசதியான, புகைபிடிக்காத குடும்பத்தில் இரு குழந்தைகளும் இயற்கையாகவே திடீரென இறப்பதற்கான வாய்ப்பு 7.3 கோடியில் ஒன்று என்று சாட்சியம் அளித்தார். ஒரு குழந்தை அப்படி இறக்கும் வாய்ப்பான ஏறத்தாழ 8,500இல் ஒன்று என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கி வந்த விடை அது. ஒரே பெற்றோருக்குப் பிறந்து ஒரே வீட்டில் வளரும் இரு குழந்தைகளின் மரணங்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று கருதினால் மட்டுமே அப்படிப் பெருக்கலாம். மரபுக் காரணமோ சூழல் காரணமோ பொதுவாக இருந்தால் அந்தக் கணக்கு சரிந்துவிடும். 2001இல் பிரிட்டனின் அரச புள்ளியியல் சங்கம் இந்தப் பிழையைப் பொது அறிக்கையாகவே வெளியிட்டது. மறைக்கப்பட்டிருந்த ஆய்வக முடிவுகள் தெரியவந்ததை அடுத்து 2003இல் தண்டனை ரத்தானது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த எண்ணையும் கடுமையாகக் குறைகூறியது. அந்த மருத்துவர் குழந்தை நோய்களைப் பற்றி அறியாதவர் அல்லர். அவர் கூறியது புள்ளியியல் கூற்று என்பதையும், அதைச் சரிபார்க்கப் புள்ளியியலாளர் ஒருவர் தேவை என்பதையும் நீதிமன்ற அறையில் உரிய நேரத்தில் யாரும் உணரவில்லை. ஆகவே ஒருவர் பேசும்போது, “இவர் பெரியவரா?” என்று கேட்பதற்கு முன் “இந்தக் கூற்று எந்தத் துறையைச் சேர்ந்தது?” என்று கேளுங்கள்.

நிதி அளித்தவர் யார், பேசுபவருக்கு என்ன ஆதாயம் என்பவற்றையும் அறிந்துகொள்ள வேண்டும்தான். ஆனால் அதோடு ஆய்வை நிறுத்திவிடக் கூடாது. ஆதாயம் இருப்பது கூற்றை மேலும் கவனமாகச் சோதிக்கச் சொல்கிறதே தவிர, அது பொய் என்று காட்டிவிடாது.

எண்ணைப் படிக்கும்போது

எந்த விழுக்காட்டைக் கண்டாலும் “எதன்மேல் விழுக்காடு?” என்று கேளுங்கள். 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்தக்கட்டு, அதாவது இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறையும் அபாயத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று எச்சரித்தது. செய்தி தலைப்பாகி, அஞ்சிய பெண்கள் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்று பிற்பாடு மதிப்பிடப்பட்டது. இரண்டு மடங்கு என்பது உண்மையே. 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த அபாயம் 7,000 பேரில் இருவருக்கு என்று ஆகியிருந்தது. இந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அத்தனை பேர் அஞ்சியிருக்க மாட்டார்கள். கருவுறுதலே இரத்தக்கட்டு அபாயத்தை அதைவிட அதிகமாக்கும் என்பதை நினைக்கும்போது, ஒரு சரியான எண்ணைத் தவறான வடிவில் சொன்னதன் விலை எவ்வளவு பெரியது என்பது புரியும்.

இதனோடு சேர்ந்த மற்றொரு குழப்பம் சான்றின் வலிமைக்கும் அபாயத்தின் அளவுக்கும் இடையிலானது. 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் வைத்தது. பல செய்திகள் இரண்டும் சமமான ஆபத்து என்று எழுதின. அந்தப் பிரிவு, “இது புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குச் சான்று போதிய வலிமையோடு இருக்கிறது” என்று மட்டுமே சொல்கிறது. எத்தனை பேருக்கு உண்டாக்கும் என்று சொல்வதில்லை.

கருத்து வேறுபாடு உண்மையானதா, உருவாக்கப்பட்டதா

நிபுணர்களே அடித்துக்கொள்ளும்போது நாம் யாரை நம்புவது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் எங்கே அடித்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பது முதல் படி. ஆய்விதழ்களிலும் துறை மாநாடுகளிலும் எதிரெதிராக வாதிடுகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் உண்மையான வேறுபாடு. துறைக்குள் விவாதம் அடங்கிப்போன பின்பும் செய்தித்தாள் விளம்பரத்திலும் தொலைக்காட்சி அரங்கிலும் மட்டும் அது உயிரோடு இருந்தால், அதை யார் ஊட்டி வளர்க்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இலிருந்து பெரிய ஆய்வுகள் காட்டத் தொடங்கின. 1954 ஜனவரியில் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வெளியிட்டு, காரணம் பற்றி அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை என்று அறிவித்தன. 1969இல் அத்தொழிலின் உள்குறிப்பு ஒன்று, ஐயமே நம் சரக்கு என்று எழுதியது. அறிவியலில் இயல்பாக இருக்கும் நிச்சயமின்மையைப் பொதுவிவாதத்தில் எப்படி விற்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு எனக்குத் தெரியவில்லை. ஒருவர் தொடர்ந்து ஐயம் மட்டுமே எழுப்பி, கண்ட உண்மைகளுக்குத் தம் விளக்கம் என்ன என்று ஒருபோதும் சொல்லாதிருந்தால் எச்சரிக்கை கொள்ளுங்கள்.

தனித்து நின்ற அறிஞர் இறுதியில் வென்ற கதைகளும் உண்மைதான். வயிற்றுப் புண்ணுக்கு நுண்ணுயிரியே காரணம் என்று ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1984இல் மார்ஷல் அந்த நுண்ணுயிரிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தம்மை அவர்களோடு ஒப்பிட்டுக்கொள்ளும் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியது, பிறர் சோதிக்கக்கூடிய வகையில் நீங்கள் எதை முன்வைத்தீர்கள் என்பதே. இதற்கு மறுபக்கமாக, 1998இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் 12 குழந்தைகளை மட்டும் கொண்டு வெளியான கட்டுரை, தட்டம்மை உள்ளிட்ட முத்தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தைப் பரப்பியது. பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள் அத்தொடர்பைக் காணவில்லை. 2010இல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதற்குள் தடுப்பூசி போடாமல் விடப்பட்ட குழந்தைகள் பலர். ஒற்றை ஆய்வு ஒரு கேள்வியைத் தொடங்கிவைக்கிறது என்று கொள்ளுங்கள். பல குழுக்கள் பல முறைகளில் செய்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்க்கும் அறிக்கை இருந்தால் அதைத் தேடிப் படியுங்கள்.

“ஆதாரம் இல்லை” என்ற சொற்றொடர்

பொதுவிவாதத்தில் இவ்வளவு தீங்கு செய்த வேறு இரண்டு சொற்கள் குறைவு. தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை என்பது ஒரு பொருள். இன்னும் தேடவே இல்லை என்பது இன்னொரு பொருள். கேட்பவர் காதில் இரண்டும் “ஆபத்து இல்லை” என்றே விழுகின்றன. பிரிட்டனில் மாடுகளிடையே மூளை நோய் பரவியபோது, மாட்டிறைச்சி பாதுகாப்பானது என்று காட்ட 1990இல் வேளாண் அமைச்சர் கேமராக்கள் முன்னிலையில் தம் சிறுமகளுக்கு இறைச்சித் துண்டு வைத்த பர்கரை ஊட்ட முயன்றார். 1996 மார்ச்சில் அந்நோய்க்கும் மனிதர்களிடம் தோன்றிய கொடிய மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அரசே நாடாளுமன்றத்தில் அறிவிக்க நேர்ந்தது. ஆபத்து குறைவாகவே இருக்கலாம், ஆனால் உறுதியாகத் தெரியாது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் மக்கள் தாங்கிக்கொண்டிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

இத்தாலியின் லாக்விலா நகரில் நடந்ததை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2009இன் தொடக்க மாதங்களில் அங்கே சிறு அதிர்வுகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. மார்ச் 31 அன்று பேரிடர் ஆலோசனை ஆணையத்தின் அறிஞர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு முன் பேட்டியளித்த குடிமைப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி ஒருவர், ஆபத்து இல்லை, சிறு அதிர்வுகளால் ஆற்றல் வெளியேறிக்கொண்டிருப்பதால் நிலைமை சாதகமானது என்ற பொருளில் பேசினார். நில அதிர்வியலில் அதற்கு அடிப்படை இல்லை. ஏப்ரல் 6 அதிகாலை நிகழ்ந்த நிலநடுக்கத்தில் 309 பேர் இறந்தார்கள். முன்பெல்லாம் அதிர்வு வந்தால் வீட்டைவிட்டு வெளியேறி இரவைக் கழித்த குடும்பங்கள் சில, அந்த ஆறுதலை நம்பி அன்றிரவு உள்ளேயே தங்கிவிட்டதாக உறவினர்கள் சாட்சி சொன்னார்கள். 2012இல் ஆறு அறிஞர்களும் அந்த அதிகாரியும் தண்டிக்கப்பட்டார்கள். 2014இல் மேல்முறையீட்டில் அறிஞர்கள் அறுவரும் விடுவிக்கப்பட்டார்கள், அதிகாரியின் தண்டனை இரண்டு ஆண்டாகக் குறைக்கப்பட்டது. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லாததற்காக அறிவியலாளர்களுக்குச் சிறை என்று உலகெங்கும் செய்தி பரவியது. வழக்கு சுற்றி வந்ததோ, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்ன ஆறுதலையே. அறிஞர்கள் கூடிய அறைக்கும் மக்கள் கேட்ட ஒலிபெருக்கிக்கும் இடையே யார் நின்றார், அவர் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று கேட்கும் வழக்கத்தை இந்நிகழ்ச்சியிலிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

தெரிந்ததன் அளவைச் சொல்லவும் முடியும். 1988இல் தொடங்கப்பட்ட காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு, தன் அறிக்கைகளில் “வாய்ப்பு உண்டு” என்றால் 66 விழுக்காட்டுக்கு மேல் என்றும், “மிகுந்த வாய்ப்பு உண்டு” என்றால் 90 விழுக்காட்டுக்கு மேல் என்றும் பொருள் வரையறுத்து எழுதுகிறது. செய்தியில் இத்தகைய சொல்லைக் கண்டால் மூல அறிக்கையில் அதன் பொருள் என்ன என்று தேடுங்கள். நிபுணர் கருத்தை மாற்றும்போதும் இதே கண் வேண்டும். கொரோனா காலத்தில் உலகச் சுகாதார நிறுவனம் 2020 ஜூனில் முகக்கவசம் பற்றிய தன் பரிந்துரையை மாற்றியது. கருத்து மாறியதே குற்றம் என்று சொல்வது அறிவியலை அறியாதவர் பேச்சு. என்ன புதிதாகத் தெரியவந்தது, முன்பு சொன்னது எங்கே தவறியது என்று விளக்கப்படுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பட்டம் இல்லாதவரின் அறிவு

1986 ஏப்ரலில் நிகழ்ந்த செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பின் பெய்த மழை, இங்கிலாந்தின் கம்பிரியா மலைகளில் கதிரியக்கச் சீசியத்தைப் படியவைத்தது. ஜூனில் அரசு அங்கே ஆடுகளை இடம் மாற்றவும் வெட்டவும் தடை விதித்து, மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றது. அறிஞர்கள் களிமண் நிலங்களில் சீசியம் நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டு கணித்திருந்தார்கள். களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலையிலோ, செடிகள் மட்கி உண்டான, அமிலத்தன்மை மிகுந்த கரிமண். அங்கே சீசியம் வேர்கள் வழியே புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டுக்கும் திரும்பத் திரும்பச் சென்றது. தடைகள் முழுமையாக நீங்க 2012 ஆயிற்று. இடையில், சீசியத்தைப் பிடித்துவைக்கும் ஒரு தாதுவை மண்ணில் தூவி, வேலியிட்டு அடைத்த துண்டு நிலங்களில் ஆடுகளை மேயவிட்டுச் சோதித்தார்கள். திறந்த மலையில் திரிந்து பழகிய ஆடுகள் வேலிக்குள் மெலிந்துபோகும், சோதனை முடிவு பயன்படாது என்று மேய்ப்பர்கள் சொன்னது காதில் விழவில்லை. சோதனைகள் பிறகு கைவிடப்பட்டன. மேய்ப்பர்களுக்குச் சீசியத்தின் வேதியியல் தெரியாது. அறிஞர்களுக்கு அந்த மலையும் அந்த ஆடுகளும் தெரியாது. இரண்டும் சேராமல் அந்தக் கேள்விக்கு விடை இல்லை.

இதிலிருந்து எல்லாக் கருத்தும் சமம் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஒரு நிபுணரின் கணிப்பு எந்த அனுமானங்கள்மேல் நிற்கிறது, அந்த அனுமானங்களில் எது யாருடைய அன்றாட வேலையைத் தொடுகிறது என்று பாருங்கள். அங்கேதான் பட்டமில்லாதவரின் சொல் சான்றாகிறது. நீங்களே அந்த இடத்தில் இருப்பவரானால், உங்கள் கோபத்தோடு உங்கள் அவதானிப்பையும் நாள், இடம், எண்ணிக்கையோடு எழுதிக் கொடுங்கள். 1980களில் அமெரிக்காவின் எய்ட்ஸ் நோயாளிகளும் அவர்களுடைய நண்பர்களும் தெருவில் போராடியதோடு நில்லாமல் மருந்துச் சோதனைகளின் விதிகளைப் படித்து, எந்த விதி யாரை விலக்குகிறது என்று அறிஞர்களின் மொழியிலேயே கேட்டார்கள். விதிகள் மாறின.

கூட்டத்தில் கேட்கும்போதும், எழுதும்போதும்

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நிமிடம். அதில் உரையாற்றாமல் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். “நீங்கள் சொன்னவற்றில் அளந்து அறிந்தது எது, மதிப்பிட்டது எது?” “உங்கள் துறையில் இதை ஏற்காதவரின் மிக வலுவான வாதம் என்ன?” “எந்தத் தகவல் வந்தால் இந்தக் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்?” இவற்றில் மூன்றாவது கேள்விக்கு நேர்மையான அறிஞர் எப்போதும் விடை வைத்திருப்பார் என்பது என் அனுபவம்.

இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பதை அயர்லாந்து காட்டியது. 2016இல் அமைக்கப்பட்ட குடிமக்கள் பேரவையில் குலுக்கல் முறையில் 99 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு, கருக்கலைப்பு குறித்த அரசியலமைப்புப் பிரிவை ஐந்து வார இறுதிகளில் விவாதித்தார்கள். மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் வந்து விளக்கி, கேள்விகளுக்குப் பதிலளித்துவிட்டுப் போனார்கள். வாக்களித்தவர்கள் குடிமக்கள் மட்டுமே. அவர்களுடைய பரிந்துரைக்குப் பின் 2018 மே 25 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காட்டினர் அப்பிரிவை நீக்க ஆதரவளித்தார்கள். முடிவு யாருக்குப் பிடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், நிபுணர் சாட்சியாகவும் குடிமகன் தீர்ப்பாளராகவும் இருந்த அந்த இடப்பிரிப்பு கவனிக்கத்தக்கது.

எழுதும்போது, “இதுவரை அறிஞர்களை நம்பிச் சொல்கிறேன், இனி என் மதிப்பீடு” என்று கோட்டை வெளிப்படையாகவே போட்டுவிடுங்கள். நீங்களே ஒரு துறையின் அறிஞரானால் இந்தக் கடமை இரட்டிப்பாகிறது; வலப்பக்கக் கருத்தைச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, அதை உங்கள் பட்டத்தின் குரலில் சொல்லாதீர்கள்.

கடைசியாக, ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உளவியலாளர் பிலிப் டெட்லாக், 1980களில் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள், அரசியல், பொருளாதாரப் போக்குகள் பற்றி 284 வல்லுநர்கள் சொன்ன 80,000க்கும் மேற்பட்ட கணிப்புகளைப் பதிவு செய்து, நடந்தவற்றோடு ஒப்பிட்டார். ஊடகங்களில் அதிகம் தோன்றியவர்களின் கணிப்புகள் மற்றவர்களுடையவற்றைவிட மோசமாகவே இருந்தன. தேதி, பேசியவர், அவர் சொன்ன கணிப்பு, எவ்வளவு உறுதியோடு சொன்னார் என்ற நான்கையும் எழுதிவைத்து, ஓராண்டு கழித்துத் திறந்து பாருங்கள். அந்த விவாதத்தில் நீங்கள் அன்று எடுத்த நிலைப்பாட்டையும் அதே பக்கத்தில் எழுதிவைக்க மறக்காதீர்கள்.